பார்க்கின்சன் உள்ள அப்பாவின் கைபேசியில் எந்தச் செயலியை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது?

காலடிப்பேட்டை மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 68 வயது. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வங்கியில் பணம் எடுக்கப் போனபோது, பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பழைய பாஸ்புத்தகத்தையும் அந்தப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எழுத்துகள் அரிசி மணி அளவுக்குச் சுருங்கி, பெயர் முடியும் இடத்தில் இன்னும் சிறுத்திருந்தன. சில மாதங்களில் வலது கைக் கட்டைவிரலில் நடுக்கம் தொடங்கியது. பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று மருத்துவர் சொன்னார்.

இப்போது லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை ஒரு நாளைக்கு ஐந்து வேளை சாப்பிடுகிறார்: காலை 6, 9.30, மதியம் 1, மாலை 4.30, இரவு 8. நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் போனால் இரவு 9 மணிக்குத்தான் வீடு. பகலில் அம்மாவும் அப்பாவும் மட்டுமே இருப்பார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நரம்பியல் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்துப் போகிறேன். கூட்டம் அதிகம் என்பதால் எங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களிலும் மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு மாத்திரை போட்டால் அதன் பலன் எவ்வளவு நேரம் நிற்கிறது?" நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இரண்டு மாதம் நடந்ததெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கே வராது.

இதற்காகத்தான் என் தம்பி அப்பாவுக்கு ஒரு புதிய கைபேசி வாங்கிக் கொடுத்து, அதில் நான்கு செயலிகளை ஏற்றினான். ஒன்று தினமும் ஆங்கிலத்தில் இருபது கேள்வி கேட்கிறது. இன்னொன்று திரையில் இரண்டு வட்டங்களைக் காட்டி விரல்களால் மாறி மாறித் தட்டச் சொல்லி மதிப்பெண் போடுகிறது. நான்கு வாரத்தில் அந்தக் கோடு கீழே இறங்கியதைப் பார்த்த அப்பா, கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்று மாலை வாசலுக்கே வரவில்லை. மூன்றாவது, நடந்த அடிகளை எண்ணுவது. அப்பா நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்தும் அதில் 112 அடிகள்தான் காட்டியது. அவர் வீட்டில் கைலிதான் கட்டுவார், அதில் பை கிடையாது. கைபேசி குளிர்சாதனப் பெட்டியின் மேல்தான் இருக்கும்.

நான்காவது, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. அதைத்தான் நாங்கள் உண்மையாகவே நம்பினோம். சென்ற மாதம் ஒரு நாள் மதியம் 1 மணிக்கு அது ஒலிக்கவே இல்லை. ஒலிக்கும் என்று அம்மாவும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டரை மணிக்குக் குளியலறை வாசற்படியில் அப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் நகர முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் வந்து தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தான்.

இந்த நோயோடு வாழ்கிறவர்களிடமும் பார்த்துக்கொள்கிறவர்களிடமும் கேட்கிறேன். இவற்றில் எது உண்மையில் பயன்படும்? மருத்துவரின் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வழி உண்டா? மாத்திரை மணியை எப்படி நம்புவது? அப்பாவின் நோய் விவரங்கள் இந்தச் செயலிகள் வழியாக எங்கே போகின்றன என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

---

பெரம்பூர் அச்சுக்கோப்பாளர்:

மகளே, எனக்கு 71 வயது. பதினோரு ஆண்டுகளாக இந்த நோயோடு இருக்கிறேன். இளமையில் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். எந்த அறையில் எந்த எழுத்து என்று பார்க்காமலே விரல் போய் எடுக்கும். அப்படிப்பட்ட விரல்கள் சட்டைப் பொத்தானோடு போராடும்போது மனம் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். கைத்தொழில் செய்த உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆகவே முதலில் அந்த விரல் தட்டும் செயலியை எடுத்துவிடுங்கள். மதிப்பெண் குறைந்ததால் சொல்லவில்லை. அந்த எண் அவருக்கும் பயன்படாது, அவருடைய மருத்துவருக்கும் பயன்படாது என்பதால் சொல்கிறேன்.

மருத்துவர் சோதிக்கும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எவ்வளவு அகலமாக விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்து, வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்வார். அவர் கவனிப்பது வேகத்தை மட்டுமல்ல. ஐந்தாவது ஆறாவது தட்டலில் விரல்களுக்கு இடையிலான இடைவெளி சுருங்குகிறதா, நடுவில் தயங்கி நிற்கிறதா என்பதையும்தான். உங்கள் அப்பாவின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனதும் இதே சுருக்கத்தால்தான். கண்ணாடித் திரைக்கு விரல் எவ்வளவு உயரம் எழுந்தது என்பது தெரியாது. தொட்டதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். அதோடு, மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தட்டுவதும் அடுத்த மாத்திரைக்குப் பத்து நிமிடம் முன்பு தட்டுவதும் இரண்டு வேறு மனிதர்களின் கைகள் போல இருக்கும். எந்த வேளையில் தட்டினார் என்று குறிக்காமல் நான்கு வாரக் கோட்டை வரைந்தால், அது நோய் முற்றுவதைக் காட்டுகிறதா, அவர் தட்டிய நேரம் மாறியதைக் காட்டுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இத்தகைய சோதனைகள் வீண் என்று நான் சொல்லவில்லை. 2015 மார்ச் மாதத்தில் சேஜ் பயோநெட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு எம்பவர் என்ற ஐபோன் செயலியை வெளியிட்டது. விரல் தட்டுதல், குரல், நடை, நினைவாற்றல் ஆகியவற்றைக் கைபேசியாலேயே அளந்து, ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து தகவல் திரட்டினார்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் செய்யச் சொல்லிக் கேட்டதும் நான் மேலே சொன்ன காரணத்துக்காகவே. ஆனால் அது ஆராய்ச்சி. பெருங்கூட்டத்தின் தகவலிலிருந்து பொதுவான உண்மையைத் தேடுவது வேறு, காலடிப்பேட்டையில் இருக்கும் ஒருவருக்கு நாளை மதிய மாத்திரையை எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வது வேறு. 2022இல் ஸ்டிரைவ்பிடி என்ற செயலிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அது ஆப்பிள் கைக்கடிகாரத்தோடு இயங்குவது. கடிகாரம் மணிக்கட்டிலேயே இருப்பதால் நடுக்கத்தையும், மருந்தின் விளைவாக வரும் தன்னிச்சையான நெளிவுகளையும் நாள் முழுக்க அது கணக்கிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும் கைபேசியால் அதைச் செய்ய முடியாது.

இனி மருத்துவரின் கேள்விக்கு வருகிறேன். "எவ்வளவு நேரம் நிற்கிறது" என்று அவர் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூளையில், உடல் அசைவுக்குத் தேவையான டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் ஓரளவு மிஞ்சியிருக்கும் ஆரம்ப ஆண்டுகளில், மாத்திரையிலிருந்து கிடைப்பதை அவை சேமித்து வைத்து மெல்ல மெல்லச் செலவிடும். ஆண்டுகள் போகப்போக அந்தச் சேமிப்பு இடம் குறைகிறது. அதன் பிறகு மாத்திரை இரத்தத்தில் இருக்கும்வரைதான் உடல் கேட்கும். அது இறங்கியதும் பிடி விட்டுப்போகும். மாத்திரைகளுக்கு இடையிலான நேரத்தைக் குறைப்பதா, அளவைக் கூட்டுவதா, வேறு மருந்து சேர்ப்பதா என்பதையெல்லாம் அந்த ஒரு பதிலை வைத்துத்தான் அவர் தீர்மானிக்க வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் குறிப்பு எடுப்பேன். தினமும் எடுத்தால் நோயையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டி வரும். எனக்கு அது வேண்டாம். கைபேசியிலேயே இருக்கும் குரல் பதிவைத் திறந்து, "ஆறு மணி, மாத்திரை போட்டேன்", "ஆறு நாற்பது, கை வந்துவிட்டது", "ஒன்பது ஐந்து, கால் இழுக்கிறது" என்று சொல்லி வைப்பேன். மாலையில் என் மருமகள் அதைக் கேட்டு, அரை மணிக்கு ஒரு கட்டம் போட்ட தாளில் நிரப்புவாள். தூக்கம், பிடி விட்ட நேரம், நன்றாக இருந்த நேரம், நன்றாக இருந்தும் உடல் தானாக நெளிந்த நேரம் என்று நான்கு வகைதான். மருந்து ஆய்வுகளில் நோயாளிகளிடம் நிரப்பச் சொல்லும் குறிப்பேடும் இந்த அரை மணிக் கட்டங்களைக் கொண்டதுதான். மூன்று நாள் தாளை மருத்துவர் ஒரு பார்வையில் படித்துவிடுவார். செயலி வரைந்த வண்ணப்படத்தைப் பார்க்க அவர் கைபேசியை வாங்கி, திரையை விரித்து, ஆங்கிலத் தலைப்புகளைத் தேடுவதற்குள் நம்முடைய முறை முடிந்துவிடும்.

சாப்பிட்ட நேரத்தையும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதை எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லாமல் நான்கு ஆண்டுகள் தவித்தேன். லெவோடோபா குடலிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் வழி, புரதத்தின் சத்துகள் போகும் அதே வழிதான். மதியம் 1 மணிக்கு வஞ்சிரக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு உடனே மாத்திரை போட்டால், இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு மாத்திரை தாமதமாகும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் பின்போ மாத்திரை போடுவது பொதுவாகச் சொல்லப்படும் வழக்கம். காசிமேட்டு மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இல்லை. மீனை விடவில்லை, நேரத்தைத்தான் மாற்றிக்கொண்டேன். யாராவது சொல்லிப் பூனைக்காலிப் பொடி சாப்பிடுகிறார் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்த விதையிலேயே லெவோடோபா இருக்கிறது என்பதால் மருத்துவரின் கணக்கு தவறிவிடும். இரும்புச்சத்து மாத்திரையும் இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

குரல் பதிவால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. இந்த நோயில் குரல் தேய்ந்து போகும். தேய்ந்தது நம் காதுக்குத் தெரியாது, வீட்டார்தான் சரியாகக் காது கேட்காதவர்கள் என்று நினைப்போம். என் பதிவை நானே கேட்டபோதுதான் உண்மை புரிந்தது. அதன் பிறகு ஒலி அளவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை மேசையில் ஒரு கை தூரத்தில் வைத்து, முள் 60 டெசிபெலுக்குக் கீழே போகாமல் தினமும் நாளிதழைச் சத்தமாக வாசிக்கிறேன். சாதாரணமாக இருவர் பேசிக்கொள்ளும் அளவு ஏறக்குறைய அதுதான். என்னைப் பொறுத்தவரை கைபேசி செய்த பெரிய உதவி இதுவே.

---

தண்டையார்பேட்டை இயன்முறை:

அக்கா, நான் இயன்முறை மருத்துவர். வீடுகளுக்குச் சென்று பார்க்கும் நோயாளிகளில் பார்க்கின்சன் உள்ளவர்கள் சிலர் இருக்கிறார்கள். பெரியவர் சொன்னதை வழிமொழிந்துவிட்டு, வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வாசற்படி, குறுகிய வழி, திரும்பும் இடம், அவசரம் ஆகிய நான்கு சூழல்களில்தான் பெரும்பாலும் கால் அப்படி உறைந்து நிற்கும். தானாக ஓட வேண்டிய நடையின் தாளம் உள்ளே தடைபடும்போது, வெளியிலிருந்து ஒரு தாளத்தைக் கொடுத்தால் பலருக்குக் கால் எழும். இதற்குக் கைபேசியில் இசை பயில்பவர்கள் வைத்திருக்கும் மெட்ரோனோம் செயலி போதும். பார்க்கின்சனுக்கென்று விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் அப்பா இயல்பாக நடக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். 90 என்றால் தாளத்தை 90க்கு வைத்து, "டக்" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் குதிகால் தரையில் படும்படி தினமும் பத்து நிமிடம் பழக்குங்கள். பழகிய பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பார்க்கலாம். கால் உறைந்த பிறகு முதன்முதலாகச் செயலியைத் தேடினால் உதவாது. பழகியிருந்தால் கைபேசி இல்லாத இடத்திலும் அவர் மனத்துக்குள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணியே காலை எடுத்துவிடுவார். குளியலறை வாசலின் இரு பக்கமும் தரையில், ஓர் அடி தூரத்துக்கு ஒன்றாக மஞ்சள் நிற ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கினால் எழும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நடக்கும்போது அவர் திரையைப் பார்க்கவே கூடாது. இந்த நோயில் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்தால் நடைதான் முதலில் கெடும். கைபேசி மணி அடித்தால் எடுக்க ஓடக்கூடாது என்பதையும் எல்லா உறவினர்களும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த விழுதல்களில் ஒன்றுக்கு மேல் அந்த மணியால் நேர்ந்தவை. அடுத்தது, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு சாலையில் நடக்க விடாதீர்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் நம் பகுதிச் சாலைகளில் பின்னால் வரும் சத்தம் கேட்பது அவருக்குத் தாளத்தைவிட முக்கியம்.

காணொளி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். காலை ஐந்தே முக்காலுக்கு, முதல் மாத்திரைக்கு முன்பு ஒன்று. ஏழு மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். பாதம் முதல் தலை வரை தெரியும்படி பக்கவாட்டில் நின்று எடுங்கள். நாற்காலியிலிருந்து எழுவதும், ஐந்தாறு அடி நடந்து திரும்பி வருவதும் அதில் இருக்கட்டும். மருத்துவமனைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர் அங்கே நன்றாகவே நடந்து காட்டுவார், வீட்டில் படும் பாடு மருத்துவரின் கண்ணில் படாது. எடுப்பதற்கு முன் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாத நிலையில் தன்னைப் படமெடுப்பதை எல்லோரும் விரும்புவதில்லை.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அடங்கும். உங்கள் வட்டத்தின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேட்டுப் பாருங்கள்.

---

வியாசர்பாடி சோதனையாளர்:

நான் கைபேசிச் செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்கிறேன். என் மாமாவுக்கும் இதே நோய். மணி ஏன் ஒலிக்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, நாம் சில நாட்களாகத் திறக்காத செயலிகளை உறங்க வைத்துவிடும். மாத்திரைச் செயலியைத் திறக்க வேண்டிய தேவையே நமக்கு வராது, ஏனென்றால் அதுதானே நம்மை அழைக்க வேண்டும். ஆகவே அதையும் உறங்க வைத்துவிடுகிறது. அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய், கட்டுப்பாடு ஏதும் இல்லை என்று மாற்றுங்கள். சில கைபேசிகளில் தானாகத் தொடங்குவதற்கு அனுமதி என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் கொடுக்க வேண்டும். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் அலாரமும் நினைவூட்டலும் வைப்பதற்கு இன்னொரு அனுமதியும் தேவைப்படும்.

இவ்வளவுக்கும் பிறகு என் மாமா வீட்டில் நான் செய்தது, அந்தச் செயலியை எடுத்துவிட்டுக் கைபேசியோடு வந்த கடிகாரச் செயலியிலேயே ஐந்து அலாரம் வைத்ததுதான். அதற்கு இணையம் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், பேட்டரிச் சேமிப்பும் அதைத் தொடாது. ஒவ்வொரு அலாரத்துக்கும் "9.30 மாத்திரை, பச்சை டப்பா" என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். திடுக்கிட வைக்கும் ஒலியை வைக்காதீர்கள். பதற்றம் நடுக்கத்தை அதிகமாக்கும் என்பதால் மெல்லத் தொடங்கி உயரும் ஒலி நல்லது. அலாரத்துக்கு மட்டும் தனி ஒலியளவு உண்டு, அது முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போய்க் கைபேசி அணைந்துவிட்டால் எந்த மணியும் ஒலிக்காது. பேட்டரி போட்ட சிறிய மேசைக் கடிகாரம் ஒன்றை மதிய வேளைக்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

நடுங்கும் விரலுக்கு ஏற்றபடி திரையையே மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. சில ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அமைப்புகளில் உள்ள அணுகல்தன்மைப் பகுதியில், விரல் எவ்வளவு நேரம் பட்டால் அதைத் தொடுதலாக ஏற்க வேண்டும் என்று நீட்டிக்கலாம். ஒரே இடத்தில் தொடர்ந்து படும் தொடுதல்களில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடச் சொல்லலாம். ஐபோனிலும் இவை உண்டு. எழுத்தைப் பெரிதாக்கி, முதல் திரையில் மூன்றே படங்களை மட்டும் வையுங்கள்: தொலைபேசி, குரல் பதிவு, உங்கள் எண்.

தகவல் எங்கே போகிறது என்ற உங்கள் கவலை நியாயமானது. கடிகாரமும் குரல் பதிவும் தங்கள் தகவலைக் கைபேசிக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியும். தினமும் இருபது கேள்வி கேட்கும் செயலி அப்படியல்ல. கணக்குத் தொடங்கும்போது மின்னஞ்சலும் பிறந்த தேதியும் கேட்டிருந்தால் பதில்கள் எங்கோ ஒரு சேவையகத்துக்குப் போகின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நினைவூட்டும் செயலிக்குத் தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு என்று கேட்டுப் பார்த்து, தேவையில்லாத அனுமதியை மறுத்துவிடலாம். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது என்றாலும், இந்த உரிமை இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு தமிழில் தரச் சொல்லிக் கேட்பது நம் கடமை. செயலியை நீக்கினால் கணக்கு அழியாது. முதலில் உள்ளே போய்க் கணக்கை அழித்துவிட்டு, அதன் பிறகு செயலியை எடுங்கள்.

---

ராயபுரம் செவிலியர்:

பணி ஓய்வு பெற்ற செவிலியராக ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கைபேசி பூட்டியிருக்கும்போதும் மற்றவர் படிக்கக்கூடிய அவசர மருத்துவக் குறிப்பு ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. அதில் நோயின் பெயர், ஐந்து வேளை நேரம், உங்கள் எண் ஆகியவற்றோடு, கொடுக்கக் கூடாத மருந்துகளையும் எழுதிவையுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் டோப்பமினைத் தடுப்பவை. இவருக்குக் கொடுத்தால் உடல் மேலும் இறுகிவிடும். வேறு ஏதோ நோய்க்காக ஒருவர் அவசரப் பிரிவில் சேர்க்கப்படும்போதுதான் இந்தத் தவறு நேர்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் நாம் இருக்க மாட்டோம். கைபேசி கைலிக்குள் இருக்காது என்பதால் இதையே ஓர் அட்டையில் எழுதி, அவர் வெளியே போகும்போது போடும் சட்டைப் பையிலும் வையுங்கள். எந்தச் செயலி என்ன சொன்னாலும் மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

---

காலடிப்பேட்டை மகள்:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அப்பாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். விரல் இடைவெளி சுருங்குவதைப் பற்றிப் பெரியவர் எழுதியிருந்த பகுதியை இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார். பிறகு தானே விரல்களை விரித்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆறாவதில் குறைகிறது" என்றார். அளவுமானியை வைத்து முடியளவு வித்தியாசம் பார்த்த கை அது. அவர் நோயைப் பற்றி அச்சமில்லாமல் பேசி நான் கேட்டது நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான். கணக்குகளை அழித்துவிட்டு நான்கு செயலிகளையும் எடுத்தோம். எதை எடுப்பது என்று அவரையே முடிவு செய்யச் சொன்னேன். அடி எண்ணுவதை மட்டும் தயங்கித் தயங்கிக் கடைசியில் விட்டார்.

மூன்று நாள் குறிப்பு எடுத்து முடித்துவிட்டோம். குரல் பதிவில் முதல் நாள் அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "சத்தமாக" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், அதுவும் பதிவாகியிருக்கிறது. தாளில் நிரப்பிப் பார்த்தபோது, காலை மாத்திரைகள் முக்கால் மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்குவதும், 1 மணி மாத்திரை மட்டும் மூன்று நாளும் இரண்டரைக்கு மேல்தான் பிடிப்பதும் தெரிந்தது. அந்த மாத்திரையைத்தான் அவர் சாப்பாட்டுக் கையோடு போடுகிறார். குளியலறை வாசலில் நின்றுபோன நாளின் நேரமும் அதுவே. மணி ஒலிக்காததை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டை 2 மணிக்குத் தள்ளலாமா, மாத்திரையை 12.30க்குக் கொண்டுவரலாமா என்று வியாழக்கிழமை மருத்துவரிடம் தாளைக் காட்டிக் கேட்கப் போகிறேன்.

இரவைப் பற்றி ஒரு கேள்வி. 8 மணி மாத்திரைக்குப் பிறகு விடியும்வரை மருந்து இல்லை. படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை என்கிறார். இரண்டாம் நாள் பதிவில் பின்னிரவு 3.10க்கு ஒரு குரல் இருக்கிறது. கூப்பிட்டிருக்கிறார், யாரும் எழவில்லை. இதற்குக் கைபேசியில் ஏதாவது வழி உண்டா?

---

பெரம்பூர் அச்சுக்கோப்பாளர்:

கைபேசி வேண்டாம் மகளே. இருட்டில் அதைத் தேடுவதற்குள் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்றை மின்சாதனக் கடையில் வாங்கி, பொத்தானைக் கட்டில் சட்டத்தில், அவருடைய நன்றாக இருக்கும் கைப்பக்கம் ஒட்டிவிடுங்கள். மணியை நீங்கள் படுக்கும் அறையில் வையுங்கள். பருத்தி விரிப்பின் மேல், இடுப்பு படும் இடத்தில் மட்டும் வழுவழுப்பான சாட்டின் துணி ஒன்றைக் குறுக்கே போட்டால் புரள்வது எளிதாகும். எனக்கு அப்படித்தான் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். துணியின் ஓரம் கட்டிலுக்கு வெளியே தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எழும்போது வழுக்கும். அந்த 3.10 பதிவை அழிக்காமல் வைத்திருந்து, வியாழக்கிழமை மதியத் தாளைக் காட்டும்போது அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவுக்கென்று மெல்லக் கரையும் மாத்திரை இருக்கிறது; அது உங்கள் அப்பாவுக்கு ஏற்றதா என்று அவர் சொல்வார்.